ஐம்பதில் நின்ற படம்

நான் ஒரு தையல் மெஷினைக் கைது செய்திருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேலான வேலையில் வெளியே சொல்லக் கூசுகிற காரியங்கள் இன்னும் சில உண்டு. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் நான் இதைத்தான் சொல்வது வழக்கம். மற்ற தப்புகளில் எனக்குக் கூட்டு இருந்தது. இது முழுக்க என்னுடையது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், நெய்வேலியில் நடந்தது. பண்ருட்டிப் பலாப்பழம் பஸ் கூரையில் ஏறி ஊரெல்லாம் மணக்கிற மாதம். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் அதே நாட்களில் வந்திருந்தது.

எங்களுடையது சென்னையில் இருந்த சின்ன நிறுவனம். கேபிளும் டிஷ்ஷும் இல்லாமல் வீட்டு ஆன்டெனாவிலேயே டிஜிட்டல் டிவி பார்க்கும் முறைக்கு அனுப்பும் கருவியும் வாங்கும் பெட்டியும் செய்துகொண்டிருந்தோம். அதில் இன்டர்லீவர் என் பொறுப்பு. நீங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். இருந்தாலும் நெய்வேலியில் சரோஜா என்ற அம்மாளுக்கு நான் சொன்ன விளக்கத்தை ஒருமுறை கேளுங்கள். பின்னால் வரும் கதைக்கு அது போதும்.

"நெய்வேலிங்கற வார்த்தையில ஒரு எழுத்து அழிஞ்சுபோனா நீங்க படிச்சிடுவீங்க இல்லையா? வார்த்தையே மொத்தமா அழிஞ்சுட்டா படிக்க முடியாது. வானத்துல வர்ற இடைஞ்சல் மை கொட்டுன மாதிரி, ஒரே இடத்துல மொத்தமா விழும். அதனால நாங்க கட்டம் போட்ட தாள்ல வரிக்கு ஒரு வார்த்தையா எழுதிக்குவோம். அனுப்பறப்போ வரி வரியா அனுப்பாம, மேலேருந்து கீழே பத்தி பத்தியா அனுப்புவோம். மை ஒரு பத்தியில கொட்டினாலும் ஒவ்வொரு வார்த்தையிலயும் ஒரு எழுத்துதான் போகும். உங்க வூட்டுப் பொட்டி அதைச் சரி பண்ணிடும்."

சரோஜா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நீங்க எழுத்தைக் கலைச்சு விடறவங்க. அதுக்கு சம்பளம் வேற."

இதைவிடச் சுருக்கமாக என் வேலையை யாரும் சொன்னதில்லை.

நெய்வேலியைத் தேர்ந்தெடுத்தது எங்கள் டைரக்டர். அனல்மின் நிலையம், தலைக்கு மேல் உயர் அழுத்தக் கம்பிகள், சுரங்கத்து ராட்சத மோட்டார்கள், எல்லாம் ஒரே ஊரில். "இங்க ஓடிட்டா எங்கயும் ஓடும்" என்பது அவர் கணக்கு. நகரியத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்தோம். ஐந்து குவார்ட்டர்ஸ் வீடுகளில் பெட்டி வைத்து, வீட்டுக்கு ஒரு நோட்டும் கொடுத்தோம். படம் நின்றால் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அனுமதி தருகிற இடத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் தலையசைத்தால் கம்பெனிக்கு அடுத்த கட்டம் உண்டு. இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் வேறு வேலை தேட வேண்டும். இது டைரக்டர் மறைக்காமல் எல்லோரிடமும் சொன்ன விஷயம்.

மூன்று வாரம் கழித்து நோட்டுகளைச் சேகரிக்கப் போனேன். நான்கு வீட்டு நோட்டுகளில் தினமும் "நன்று" என்று இருந்தது. ஒரு வீட்டில் வரப்போகிற நாட்களுக்கும் சேர்த்து மாதக் கடைசி வரை "நன்று" போட்டு வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது நோட்டு சரோஜாவுடையது. அவர் கணவர் பழனிவேல் மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலங்களில் சரோஜாவும் டிவி சீரியலும்தான். நோட்டில் இப்படி எழுதியிருந்தார்:

"7.42. மாமியார் கையில் கடிதம். பிரிக்கும்போது படம் நின்றது.

7.49. படம் வந்தது. கடிதத்தைப் படித்து முடித்து அழுதுகொண்டிருக்கிறார். கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் 7.38. மருமகள் அதே கடிதத்தை எடுத்தாள். படம் நின்றது. இதற்கு யார் பொறுப்பு என்று தெரிவிக்கவும்."

பதினேழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நேரம் துல்லியமாக இருந்தது. நான்கு வீட்டில் நன்றாக ஓடுவது ஒரே ஒரு வீட்டில் மட்டும் நிற்கிறது என்றால், கோளாறு அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்படித்தான் நான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அதனால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அலைகளைப் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு சரோஜா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தேன். முதலில் மிக்ஸி மீது சந்தேகம். ஓடவிட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் மோட்டார். அதுவும் இல்லை. ஏழு மணி தாண்டியதும் திரையில் முள் முள்ளாகக் கோடுகள் எழுந்தன. விட்டு விட்டு எழுந்தன. காதைத் தீட்டினால் பக்கத்து வீட்டிலிருந்து மோட்டார் சத்தம். விட்டு விட்டு.

"அது யாரு?"

"மும்தாஜுங்க. துணி தைக்குது. கையி நல்லா இருக்கும். என் ஜாக்கெட்டு ரெண்டு அதுகிட்டதான் கெடக்குது."

மும்தாஜின் கணவருக்குச் சுரங்கத்துப் பணிமனையில் பர்மனென்ட் வேலை. மும்தாஜ் பிறந்தது நெல்லிக்குப்பம். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து பாதி பிளாக்குக்கு அவர்தான் தையல்காரர். நான் போய்க் கதவைத் தட்டி, கருவியைக் காட்டி, மோட்டாரில் எழும் பொறி, அதனால் வரும் இடைஞ்சல் எல்லாவற்றையும் விளக்கினேன். பரிசோதனை முடியும்வரை ஏழிலிருந்து ஒன்பது வரை மெஷின் ஓட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

மும்தாஜ் பொறுமையாகக் கேட்டார். "மேடம், ரம்ஜானுக்குப் பதினாலு செட்டு துணி கெடக்குது. பகல்ல நோன்பு, கண்ணு சுத்துது. நோன்பு தொறந்து, தொழுதுட்டு வந்து ஒக்காந்தாதான் எனக்கு மெஷினு. நீங்க சொல்ற அந்த ரெண்டு மணி நேரம்தாங்க எனக்கு நாளே."

"ஒரு வாரம்தாங்க. நாட்டுக்குப் பயன்படற ஆராய்ச்சி."

நாடு என்ற சொல்லை நான் எடுத்திருக்கக் கூடாது. தன் காரியத்துக்காக அடுத்தவரை வேலை நிறுத்தச் சொல்கிறவர்கள் எல்லோரும் எடுக்கும் சொல் அது.  மும்தாஜ் மெஷினின் கால் பெடலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நானே மறந்து ஓட்டிடுவேன். நீங்களே வெச்சுக்கோங்க."

அதை சரோஜா வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சரோஜா சாவியை வாங்கிக்கொண்டு, "என் ஜாக்கெட்டை நானே பூட்டி வெச்ச மாரி ஆயிடுச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடிதம் பற்றிய உண்மையும் வெளியே வந்தது. அது வேறு யாருக்கோ எழுதப்பட்ட கடிதமாம். நான் உடனே டைரக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: "காரணம் உறுதியானது. அண்டை வீட்டுத் தையல் இயந்திரம்." டைரக்டர் அரை மணி நேரத்தில் பாராட்டி பதில் போட்டார். அதிகாரிகளுக்குக் காட்டும் படங்களில் "வீட்டுத் தையல் இயந்திரங்கள் - ஒரு புதிய சவால்" என்று ஒரு பக்கம் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

மறுநாள் 7.36க்குப் படம் நின்றது. பதினோரு நிமிடம் நின்றது. அதுவரை வந்ததிலேயே அதுதான் நீளம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் கணக்கின் மேல் சந்தேகம் வந்ததா? வரவில்லை. மும்தாஜ் மேல் வந்தது. எங்கேயோ இன்னொரு பெடல் வைத்திருக்கிறார் என்று தோன்றியது. வேகமாகப் போய்க் கதவைத் தட்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. தரையில் பாய் விரித்து, மடியில் பச்சை நிற சுடிதாரைப் போட்டு, மும்தாஜ் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் துணி சுற்றியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். "படம் நின்னுடுச்சா மேடம்?"

"ஆமாம்."

கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். "ஊசியிலயும் கரண்டு வருதா?"

 வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அதிகாரிகள் வர மூன்று நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை சரோஜா வீட்டுக்குப் போனபோது பழனிவேல் இருந்தார். அந்த வாரம் அவருக்கு இரண்டிலிருந்து பத்து வரை ஷிப்ட், அதனால் சாயங்காலங்களில் அவரை நான் பார்த்ததே இல்லை. காபி டம்ளரை வைத்துக்கொண்டு மனைவியின் நோட்டைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"மேடம், நேத்து ஏழு முப்பத்தாறுல இருந்து ஏழு நாப்பத்தேழு வரைக்குமா?"

"ஆமாங்க."

"அது எங்களுக்கு நல்ல நேரமாச்சே."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு பெரிய எண் பலகை உண்டு. மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை அது காட்டும். ஐம்பதாக இருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் கொஞ்சம் இறங்கும், அணைத்தால் கொஞ்சம் ஏறும். கச்சிதமாக ஐம்பதில் நிற்பது அபூர்வம்.

"நேத்து அந்த நேரத்துல ஆணி அடிச்ச மாரி அம்பதுல நின்னுச்சு. எங்க இன்ஜினியர்கூட 'பாருய்யா, சிலை மாதிரி நிக்குது'ன்னார். அதனாலதான் மணி ஞாபகம் இருக்கு." நோட்டைப் பின்னால் புரட்டினார். "முந்தின நாளு ரொம்ப மோசம், சாயங்காலம் பூரா நாப்பத்தொம்போது புள்ளி எட்டு, ஒம்போதுன்னு ஆடிகினே இருந்துச்சு. அன்னிக்குப் படம் எப்படி?"

"நிக்கவே இல்லீங்க," என்றார் சரோஜா.

பழனிவேல் நோட்டை மூடி மேசை மேல் வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க ஒழுங்கா வேலை பார்த்தா உங்க பொட்டி நிக்குது போல."

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை.  அன்று சாயங்காலம் அதிர்வெண் காட்டுகிற மீட்டர் ஒன்றை சரோஜா வீட்டு பிளக்கில் செருகி மடியில் வைத்துக்கொண்டேன். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சரோஜா டிவியைப் பார்த்தார். மும்தாஜையும் கூப்பிட்டிருந்தேன். அவர் ஒரு சட்டைக் கையைத் தைத்துக்கொண்டே வந்து வாசற்படியோரம் உட்கார்ந்தார்.

மீட்டரில் 49.91. "ஓடுதுங்க," என்றார் சரோஜா. 49.95. "ஓடுது." 49.98. "ஓடுது, மூஞ்சில லேசா கட்டம் வருது."  50.00.

"நின்னுடுச்சு."

49.97. "வந்துடுச்சு."

50.00. "நின்னுடுச்சு. மேடம், நீங்க அந்தப் பொட்டியில ஏதாச்சும் அமுக்கறீங்களா?"

நான் எதையும் அமுக்கவில்லை. அமுக்கவேண்டியதையெல்லாம் ஆறு மாதம் முன்பே சென்னையில் அமுக்கிவிட்டிருந்தேன்.

என்ன நடந்தது என்றால், எங்கோ ஓர் உயர் அழுத்தக் கம்பியில், ஈரமும் தூசியும் படிந்த பீங்கான் மேல் சின்னச் சின்னப் பொறி பறந்துகொண்டிருந்தது. எந்த ஊரிலும் நடப்பதுதான், யாருடைய குற்றமும் இல்லை. மின்சாரம் ஒருமுறை ஏறும்போது ஒரு பொறி, இறங்கும்போது ஒரு பொறி. விநாடிக்கு நூறு. அதாவது பத்து மில்லி செகண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் சின்னது. ஓர் எழுத்தைத்தான் அழிக்கும்.

என் கட்டம் போட்ட தாளில் ஒரு பத்தியை மேலிருந்து கீழ்வரை அனுப்ப எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பத்து மில்லி செகண்ட். ஏன் பத்து? காரணமே இல்லை. முழு எண், பார்க்க அழகாக இருந்தது, அறிக்கையில் எழுத வசதி. ஆக ஒரு பத்தியில் மூன்றாவது வரியில் பொறி விழுந்தால், அடுத்த பத்தியிலும் அதே மூன்றாவது வரியில் விழும், அதற்கடுத்த பத்தியிலும் அங்கேதான். மூன்றாவது வரியில் ஒரு எழுத்துகூட மிஞ்சாது. பரவலாக விழுந்த சிறு தவறுகளை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி, ஒரே வார்த்தையின் தலையில் கொட்டியிருக்கிறது என் இன்டர்லீவர். மின்சாரம் கொஞ்சம் பிசகினால் தாளம் தப்பும், பொறி வெவ்வேறு வரியில் விழும், படம் ஓடும். சரியாக ஐம்பதுக்கு வந்தால் தீர்ந்தது.

மும்தாஜின் மெஷின் கிளப்பிய இரைச்சலோ? அதை என் இன்டர்லீவர் அழகாகச் சமாளித்துக்கொண்டிருந்தது. அந்த மெஷினை நிறுத்திய நாளில் படம் ஓடியதும், பிறகு நின்றதும் அதற்குச் சம்பந்தமே இல்லாதவை.

சரோஜா பீரோவைத் திறந்து பெடலை எடுத்து என்னிடம் கொடுத்தார், அவரே மும்தாஜிடம் கொடுக்காமல். நான் அதை வாசற்படிக்குக் கொண்டுபோனேன்.

"தப்பு என்னோடதுங்க. உங்க மெஷின்ல ஒண்ணும் இல்லை. மன்னிச்சுக்கோங்க."

மும்தாஜ் பெடலை வாங்கித் துடைத்தார். "மூணு நாளு போச்சு. மன்னிப்பை வெச்சுகினு நான் என்ன பண்றது? ஹூக்கு தைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன். அதுவும் பொய்தான். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தைத்திருக்கிறேன்.

மற்ற நான்கு வீடுகளுக்கும் போய்க் கேட்டேன். எல்லா வீட்டிலும் படம் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. பிறகு ஏன் "நன்று" என்று எழுதினீர்கள் என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் சொன்னார்: "அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. எழுதினா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு விட்டுட்டோம்." உங்களுக்கு இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மரியாதைக்காரர்கள் நான்கு பேரின் நோட்டை நம்பி, உண்மை எழுதிய ஒரே ஒருவரின் பக்கத்து வீட்டை நான் சோதனை போட்டேன்.

மறுநாள் மதியம் டைரக்டருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் அமைதியாக, அக்கறையோடு, ஒரு யோசனை சொன்னார்.

"சாயங்காலம் லோடு ஏறினா அந்த எண் இறங்கும்னு சொல்றீங்க. இறங்கினா படம் ஓடும். அப்போ மீட்டரைப் பார்த்துக்கிட்டே இருங்க. நல்லா இறங்கியிருக்கிற நேரமா பார்த்து அவங்களை உள்ளே கூப்பிடுவோம். இருபது நிமிஷம் காட்டிட்டு டிபனுக்கு அழைச்சிட்டுப் போயிடலாம். சென்னைக்கு வந்து நிதானமா சரி பண்ணிக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது பேர் வேலை. இரண்டு நாளில் டிசைனை மாற்றப்போய் இருப்பதும் கெட்டுவிட்டால்? சரோஜா வீட்டு வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். பழனிவேல் டியூட்டிக்குக் கிளம்ப சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டிருக்கிறார்.

"நான் சொல்லக் கூடாது மேடம். ஆனா ஒண்ணு. நாடு முழுக்க அத்தனை ஸ்டேஷன்லயும் ஆளுங்க ஒக்காந்துகினு அதை அம்பதுல நிறுத்தணும்னுதான் பாடுபடறாங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல இன்னும் நல்லா நிறுத்துவாங்க. அப்ப உங்க பொட்டி எப்பவுமே நிக்குமில்ல?"

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் டைரக்டரை மறுபடி கூப்பிட்டு, மாற்றப்போகிறேன் என்றேன். "முடியலைன்னா?" என்றார். "முடியலைன்னா, முடியலைன்னு அவங்ககிட்டயே சொல்லிடறேன் சார். நான்தான் பண்ணேன்னும் சொல்றேன்." அவர் பெருமூச்சு விட்டார். "அந்தத் தையல் மெஷின் பக்கத்தை எடுத்துடணும் இல்ல? படம் நல்லா வந்திருந்துச்சு."

திருத்தம் பெரிய மேதைமை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பத்தியையும் உச்சியிலிருந்தே தொடங்காமல், ஒன்றை ஐந்தாவது வரியிலிருந்து, இன்னொன்றைப் பதினெட்டாவது வரியிலிருந்து என்று முன்னும் பின்னுமாகத் தொடங்கிச் சுற்றி வரும்படி மாற்றினேன். பொறி எந்தத் தாளத்தில் விழுந்தாலும் அதே வரியில் திரும்ப விழாது. அட்டவணையை எழுத ஒரு மணி நேரம். ஆனால் கம்ப்யூட்டர் அதைச் சிப்புக்கு ஏற்றபடி கோத்து முடிக்க மூன்று மணி நேரம் எடுக்கும். முதல் முறை பிழை காட்டியது, திரும்பவும் மூன்று மணி நேரம். ஆக ஆறு மணி நேரம் மும்தாஜ் வீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் லேப்டாப் முனகிக்கொண்டிருக்க, ஹூக் தைத்தேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கண்டிப்பான மேலதிகாரியிடம் வேலை பார்த்ததில்லை. மும்தாஜ் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்ப்பார். ஆடினால் கத்தரியை எடுத்து வெட்டிவிட்டு, திரும்ப என் மடியில் போடுவார். "இது தொங்குதுங்க. கல்யாண வூட்டுல அவுந்துகினா யாரு பதில் சொல்றது?" இருபத்து மூன்று ஹூக் தைத்ததில் ஒன்பது தேறியது.

அதிகாரிகள் வந்த சாயங்காலம் மழை லேசாகத் தூறிவிட்டிருந்தது. டைரக்டர் புதுச் சட்டை. சரோஜா நாற்காலிகளைத் துடைத்து, பலாச்சுளை, முந்திரி எல்லாம் தட்டில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை எல்லோரும் பார்க்கும்படி டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எண் ஏறி ஐம்பதுக்கு வந்தது. நின்றது. படம் ஓடியது. நான் மனதுக்குள் துள்ளினேன். அதிகாரிகள் சுளை சாப்பிட்டுக்கொண்டு சீரியல் பார்த்தார்கள். நம் தொழிலில் இதுதான் தொல்லை. நாம் சரியாக வேலை செய்தால் எதுவுமே நடக்காது.

மூத்த அதிகாரி கேட்டார்: "இதுல என்னம்மா விசேஷம்? படம் ஓடுது. ஓடத்தானே வேணும்?"

நடந்ததை முழுவதும் சொன்னேன். முழு எண்ணைத் தேர்ந்தெடுத்தது, தையல் மெஷின், "நன்று" நோட்டுகள், ஒன்றையும் விடவில்லை. டைரக்டர் தட்டிலிருந்த முந்திரிகளை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தார். அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அப்போ பழைய முறையில நிக்கறதையும் காட்டுங்க. ரெண்டையும் பார்த்தாத்தானே எழுத முடியும்."

பழைய அட்டவணையையும் உள்ளேயே விட்டு வைத்திருந்தேன். லேப்டாப்பில் ஒரு கட்டளை கொடுத்தால் டிரான்ஸ்மிட்டரும் பெட்டிகளும் சேர்ந்து பழையதுக்கு மாறும். மாற்றினேன். "இப்ப பாருங்க, நிக்கும்" என்றேன்.

நிற்கவில்லை. மீட்டரில் 49.93. படம் கண்ணாடிபோல ஓடியது.

"கொஞ்சம் பொறுங்க சார், கரண்டு சரியாகட்டும்."

49.90. கால் மணி நேரம் போனது. சீரியல் முடிந்து செய்தி வந்தது. செய்தியும் நன்றாக ஓடியது. இளைய அதிகாரி மெதுவாகக் கேட்டார், "பழசே நல்லாத்தானே ஓடுது? எதுக்கு மாத்தினீங்க?" டைரக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மொழிபெயர்க்க முடியவில்லை. சரோஜா என் உதவிக்கு வந்தார்: "நல்லா நிக்கும்ங்க. நான் கேரண்டி. பதினேழு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்."

டீ வந்தது. மும்தாஜ் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். அந்த அறையில் ஏழெட்டுப் பேர், டிவியை விட்டுவிட்டு, ஒரு சின்ன மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 49.94. 49.96. "ஏறுது," என்றார் மூத்த அதிகாரி. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 49.98. செய்தி வாசிப்பவரின் கன்னத்தில் ஒரு கட்டம் தோன்றி மறைந்தது. 49.99.

50.00.

செய்தி வாசிப்பவர் வாயைப் பாதி திறந்தபடி நின்றார்.

மூத்த அதிகாரி கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள், டைரக்டர் உட்பட. நான் செய்த கருவி கெட்டதற்குக் கைதட்டல் வாங்கியது அந்த ஒருமுறைதான். புது அட்டவணைக்கு மாற்றினேன். மீட்டர் ஐம்பதிலேயே இருந்தது, செய்தி வாசிப்பவர் வாயை மூடி அடுத்த செய்திக்குப் போனார். அதிகாரிகள் தலையசைத்தார்கள். கம்பெனி பிழைத்தது.

இதற்கு இரண்டு வருடம் கழித்து, ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, வேறொரு கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெட்டி திடீர் திடீரென்று நிற்கிறதாம். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். மாடி வீட்டு அம்மா மாவு அரைக்கிற கிரைண்டர். மாவு விற்றுப் பிழைக்கிறவர், நிறுத்த மாட்டேன் என்று சண்டை போடுகிறார், அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று என்னிடம் கேட்டார்.

"அது இருக்கட்டும் தம்பி. உங்க இன்டர்லீவர்ல ஒரு பத்தி எவ்வளவு நேரம்?"

"இருபது மில்லி செகண்ட் மேடம். ஏன்?"

"ஏன் இருபது?"

இருபது மில்லி செகண்டில் இரண்டு பொறி விழும், ஒவ்வொரு பத்தியிலும் அதே இரண்டு வரியில்.  மெல்லிய குரலில், "முழு எண்ணா இருக்கட்டும்னு வெச்சோம் மேடம்" என்றார்.

"சரி. முதல்ல மாடிக்குப் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அரைக்க அரிசி ஊறவெச்சிருந்தாங்கன்னா, அதையும் அரைச்சுக் கொடுத்துட்டு வாங்க. அப்புறமா எனக்கு போன் பண்ணுங்க."